ஹார்லன் நோவாக்கின் வண்டி ட்ரெய்லரில் ஏறாது

ஹார்லன் நோவாக் செத்துப்போனான் என்று கேள்விப்பட்டதும் ஊரில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வளைவுல?" என்பதுதான். அவன் மனைவி வெர்னாவுக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஹார்லன் எந்த வளைவிலும் மோட்டார் சைக்கிளிலிருந்து விழவில்லை. காலையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவ்வளவுதான்.

"ரொட்டி சாப்பிடும்போது போனாரு. திட்டணும்னா ரொட்டிக்கடைக்காரனைப் போய்த் திட்டு," என்று, துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு மார்ஜியிடம் சொல்லிவிட்டாள். மார்ஜி கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பண்டத்தைப் பாத்திரத்தோடு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விஸ்கான்சின் ஆற்றங்கரையில் காகித ஆலையை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. ஹார்லனும் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தான். பெண் கேட்டு அவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய அன்றே, வெர்னாவின் அப்பா பால் கறந்த கையைக்கூடத் துடைக்காமல் மகளிடம் சொன்னார்: "இவனைக் கட்டிக்கிட்டா ஒரே வருஷத்துல புருஷனைப் பறிகொடுத்துட்டு இதே வாசல்ல வந்து நிப்பே." அப்படிச் சொன்ன மனுஷனின் சவப்பெட்டியைப் பின்னாளில் ஹார்லன்தான் ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கினான்.

முதல் குழந்தை பிறந்ததும், வண்டியை விற்றுவிடு என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். ஹார்லன் விற்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி ஒன்றைப் பூட்டினான். இன்னும் இரண்டு பிறந்தன. தொட்டியில் இரண்டு, மடிமேல் ஒன்று என்று வெர்னா சர்ச்சுக்கு வந்து இறங்கினாள். பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் தொட்டியைக் கழற்றினான். பனி விழத் தொடங்கினால் வண்டி கூடத்துக்கு வந்துவிடும், சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவில். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் அதுவும் நிற்கும். அவள் மரத்தையும் துடைப்பாள், வண்டியையும் துடைப்பாள், அவனையும் திட்டுவாள்.

ஒரு கோடையில் தெற்கு டகோட்டாவில் நடக்கும் பெரிய மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு நண்பர்களோடு போயிருந்தான். போய்ச் சேர்ந்த அன்று சின்னவளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தது. கூடாரம்கூட அடிக்காமல் திரும்பினான். "அடுப்பங்கரை வீரன் கெளம்பிட்டான்டா!" என்று லாயிட் கத்தினான். அவன்தான் அவர்கள் குழுவுக்குத் தலைவன். தாடி வயிறு வரைக்கும் தொங்கும்.

"ஆமாடா," என்றான் ஹார்லன். "என் வண்டிக்கு வீடு எங்க இருக்குன்னு தெரியும். உன் வண்டிக்கு சாராயக் கடை மட்டும்தான் தெரியும்."

எதையும் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்கிறவனுக்கு ஒன்றே ஒன்றுதான் ஆகாது. சிலர் வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருவார்கள். திருவிழா ஊருக்கு வெளியே இறக்கி, தோல் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆயிரம் மைல் ஓட்டிவந்த மாதிரி உள்ளே உறுமிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் அவனுக்கு எரியும். "குதிரையைத் தோள்ல தூக்கிட்டு வந்திருக்கான் பாரு," என்பான். ஒருமுறை நடுவழியில் சங்கிலி அறுந்தபோது, ஏற்றிக்கொள்கிறேன் என்ற லாரிக்காரனை அனுப்பிவிட்டு, மழையில் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தான். அந்தக் குழுவில் இது தெரியாதவர் இல்லை. வீட்டில்தான் ஒருத்தனுக்கு உறைக்கவில்லை.

மூத்தவன் கர்ட் நகரத்தில் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அடக்கத்தன்று காலையில் சர்ச் வாசலுக்கு அப்பாவின் வண்டியைக் கழுவித் துடைத்து, வெள்ளைப் பூ சுற்றி, வாடகை ட்ரெய்லரில் ஏற்றி நான்கு பக்கமும் பட்டை போட்டுக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினான். சவ வண்டிக்குப் பின்னால் அது போகவேண்டும் என்பது அவன் ஏற்பாடு.

குழுவினர் அத்தனை பேரும் பார்த்தார்கள். லாயிட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். செத்தவனின் பிள்ளையிடம் போய் என்னவென்று சொல்வது?

வெர்னா சர்ச் படியிறங்கி வந்தாள். கட்டிப்போட்டிருந்த வண்டியைப் பார்த்தாள். புருஷன் செத்த நாளிலிருந்து வராத கோபம் அப்போது வந்தது.

"எறக்கு," என்றாள்.

"அம்மா, மரியாதையா இருக்கட்டும்னுதான்..."

"மரியாதையா? உங்கப்பாவைச் சவப்பெட்டியில படுக்க வச்சது போதாதா? வண்டியையும் படுக்க வைக்கணுமா? எறக்குடா!"

கர்ட் முகம் சிவந்துபோய்ப் பட்டையை அவிழ்த்தான். வண்டி தரைக்கு வந்தது. இப்போது இன்னொரு சிக்கல். "இதை யாரும்மா ஓட்டுறது?" என்று கேட்டான்.

லாயிட் தொண்டையைச் செருமினான். "வெர்னா, உனக்குத் தெரியாததா? செத்தவன் வண்டில இன்னொருத்தன் ஏறமாட்டான். எங்க வழக்கம் அது."

"நான் இன்னொருத்தனா?"

கர்ட் பதறினான். "உங்க முழங்காலுக்குப் படியேறவே முடியலையேம்மா!"

"படியா ஏறப்போறேன்? உக்காரத்தானே போறேன்."

மூன்றாவது பிள்ளை பிறந்த வருஷமே ஹார்லன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தான். நடுவழியில் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளை வீட்டில் சேர்க்க ஆள் வேண்டும் என்பது அவன் கவலை. அவள் உரிமம் வாங்கினாள், காலாவதியாக விடாமல் புதுப்பித்தும் வந்தாள். பண்ணைச் சாலைகளில் ஆள் இல்லாத நேரம் ஓட்டுவாள். ஊரைக் கூட்டி வேடிக்கை காட்டுவது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் கடைசியாக ஓட்டிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஹார்லனின் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

குழுவில் ஒருவர் இறந்தால் இரண்டிரண்டு பேராக வரிசை கட்டிப் போவார்கள். முன்வரிசையில் லாயிடுக்கு இடப்பக்கத்தை மட்டும் காலியாக விடுவார்கள். அது செத்தவனுக்கான இடம். அதில் யாரும் நுழைந்ததில்லை. வெர்னா வண்டியைக் கிளப்பி, நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

லாயிட் திடுக்கிட்டான். "வெர்னா, அது ஹார்லன் இடம். பின்னால வா. எல்லாருக்கும் காலியா விட்டுத்தான் பழக்கம்."

"மத்தவங்களுக்கு விடுங்க. அவரு வண்டி இங்க நிக்குது. அவரு பொண்டாட்டி அதுமேல உக்காந்திருக்கா. இதுல எதுடா காலி?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். லாயிட் தாடியை இழுத்துவிட்டுக்கொண்டு, சவ வண்டி ஓட்டுநருக்குக் கையைக் காட்டினான். ஊர்வலம் நகர்ந்தது.

ஆலையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டிப் போனார்கள். கல்லறைக்குத் திரும்பும் வளைவில், குளிர்காலத்தில் பனியில் சக்கரம் வழுக்காமலிருக்கக் கொட்டிய மணல் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தது. பின் சக்கரம் வழுக்கியது. வண்டியின் பின்பாகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். பிரேக்கைத் தொடக்கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது, தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை நேராகப் பிடித்தாள். வண்டி ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. செத்துப்போன புருஷனைக் கவசத்துக்குள்ளேயே ஒரு கெட்டவார்த்தை சொல்லித் திட்டினாள். அப்புறம்தான் அழுதாள். கவசத்துக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை.

பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்தார். மண் போட்டார்கள். சர்ச் கூடத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும் காபியும் காத்திருந்ததால் கூட்டம் மெல்லக் கலைந்தது. கர்ட் தன் காரோடு இழுத்துவந்த காலி ட்ரெய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடறேம்மா," என்றான். அவன் கன்னத்தில் தட்டி அனுப்பினாள்.

லாயிட் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்தின் முதல் சவாரி. ஏரி வரைக்கும் போகிறார்கள். அவள் வருவாளா என்று கேட்கத்தான் வந்திருந்தான். நேராகக் கேட்க வாய் வரவில்லை.

"இருட்டுறதுக்குள்ள திரும்பிடுவோம், வெர்னா. உன்னைப் பத்திரமா வீட்டுல கொண்டுவந்து விட்டுடுவோம்."

வெர்னா தலைக்கவசத்தை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கினாள்.

"மெதுவாவே திரும்பலாம்," என்றாள். "வீட்டுல இப்ப எனக்காக யாரும் காத்துக்கிட்டு இல்ல."

லாயிட் வாயைத் திறப்பதற்குள் அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.