கதவு இருந்த சுவர்

போன வாரம் பத்தி எங்கே என்று கேட்டிருந்தீர்கள். காரணம் உண்டு. எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவள் என் ராத்தா, அதாவது அக்கா மகள் ருகையா. பக்கத்து வீடு. அவள் வந்து போகும் கதவை அடைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் ஒரு வாரம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நேற்றுதான் தெரு வழியாக, விருந்தாளி மாதிரி பெல் அடித்து வந்தாள்.

காயல்பட்டினத்தில் எங்கள் வீடுகளுக்கு நடுவே இடைக்கதவு உண்டு. பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு போய் வருவோம். ராத்தாவுக்கு முழங்கால் போய்விட்டது. தெருப்படி இறங்க முடியாது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, சுவரைப் பிடித்தபடி அந்தக் கதவு வழியாக வருவாள். ஒரு டீ... இரண்டு சண்டை... பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுகைக்குக் கிளம்பிவிடுவாள். அவளுக்கு 'வெளியே' என்று இருந்ததே என் வீடு ஒன்றுதான்.

ருகையாவுக்கு வீடியோ கேம் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறாள். போன மாதம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் — இடைக்கதவோடு எங்கள் கூடம்!

"இதுக்குப் பேரு ஹப் வேர்ல்ட், சாச்சி. எல்லா லெவலுக்கும் கதவு இங்கனதான். எங்க போய் அடிபட்டாலும் இங்கன வந்து மூச்சு வாங்கிக்கலாம். சில கதவு மட்டும் சாவி சேர்த்தாத்தான் திறக்கும்."

"எதிரி வந்துட்டா?"

"ஹப்புக்குள்ள எதிரி வர மாட்டான்."

"அப்போ உன் ஹப்புல மருமகனே கிடையாதா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என் மருமகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். கூடத்தைத் தடுத்து ஏசி ரூம் வேண்டுமாம்.

"கதவு இருந்தா குளிர் நிக்காது, மாமி. பெரிய மாமி தெரு வழியா வரட்டுமே."

"அவளால படி இறங்க முடியாதே, மாப்புள?"

"அப்போ நீங்க போங்க."

மகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். எங்கள் வழக்கப்படி, கல்யாணத்தின்போதே வீட்டை அவளுக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்த வீட்டில் நின்று நான் கெஞ்சுவேனா? கெஞ்சவில்லை. கொத்தனார் வந்தார்.

இல்லாத வீட்டுக்குக் கதவு வைக்க ஒருத்திக்குச் சம்பளம். இருக்கிற வீட்டில் கதவை அடைக்க ஒருத்தருக்குக் கூலி. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வருவார். வந்தவர் வழியை அடைத்துவிட்டுப் போனார்.

ஆமாம், போய்விட்டார். லீவு முடிந்தது. ஏசி ரூம் பூட்டிக் கிடக்கிறது. நானும் ராத்தாவும் ஒரே சுவருக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து போனில் பேசுகிறோம்.

"ஏ புள்ள, இன்னைக்காவது டீக்குச் சீனி போட்டியா?" என்று கேட்கிறாள்.

வந்து குடித்துப் பார் என்று வாய்வரை வந்தது.

இதை டைப் அடித்துக்கொண்டே ருகையா கேட்கிறாள்: "கேம்ல இருக்கிற அந்தக் கதவை எடுத்துரவா, சாச்சி?"

"எடுக்காத. யார் வந்து தட்டினாலும் திறக்கட்டும்."

"உங்க மாப்புள விளையாண்டா?"

"அவரு எத்தனை சாவி சேர்த்தாலும் திறக்கக் கூடாது."