துண்டிக்காத அழைப்பு

மருந்துக்கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்கும் அந்த நிறுவனத்தில் அவளுக்கு 'மீட்டர்' என்று பட்டப்பெயர். போனில் உதவி கேட்பவர்களுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். "இப்பலேருந்து காசு ஓடும், சரிங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். பேசி முடித்ததும் மறுபடி அழுத்தி நிறுத்த வேண்டும். எரிந்து விழுகிறவர்களையும் குளிரவைக்கும் குரல் அவளுக்கு. தம்பியின் படிப்பும் அம்மாவின் கண் ஆபரேஷனும் அந்தக் குரல் சம்பாதித்ததில்தான். வீட்டில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள்.

"எங்ககிட்ட பேசினா யாரு பில் கட்டுறதுன்னு பாக்குறியாடி?" என்பாள் அக்கா.

அன்று நிறுத்த மறந்து சாப்பிடப் போய்விட்டாள். திரும்பியபோது, மருந்துக்கடைப் பெரியவர் ஒருவரின் பெயரில் மீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய் நிறுத்தினாள். இதே தவறுக்கு முன்பே மன்னிப்பு எழுதிக் கொடுத்தவள். இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும். வீண் நிமிடங்களைக் கழித்துவிடலாம் என்று அந்த அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டாள்.

அவள் நாற்காலியைத் தள்ளி எழும் சத்தம். அதன்பிறகு வெறும் இரைச்சல்தான் இருக்க வேண்டும்.

"இப்ப கீழ பாருங்கய்யா, பச்சையா ஒண்ணு தெரியுதா?" என்றது அவளுடைய குரல்.

அது பொறுமையாகக் கணக்கைச் சரிசெய்து கொடுத்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தது. பிறகு சிரித்தது, வீட்டில் எப்போதாவது தூக்கத்தில் அவள் சிரிப்பதாக அக்கா சொல்லும் சிரிப்பு.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "பெரியவர் உன்னைப் பாராட்டி எழுதியிருக்காரு. நீ என்ன பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"ஒண்ணுமில்ல சார்."

அவளில்லாமலே குரல் வேலை பார்க்கிறது என்று மேலாளருக்குத் தெரிந்தால் அவள் எதற்கு? மாடிப்படிக்கு ஓடி, தன் செல்போனிலிருந்து பெரியவரின் கடைக்கு அடித்தாள்.

"ஐயா, நான்தான். மதியம் உங்ககிட்ட பேசினது..."

"நீங்கதான் இன்னொரு போன்ல பேசிக்கிட்டு இருக்கீங்களேம்மா!"

அவருக்குப் பின்னால், தெளிவாக, அவள் குரல் கேட்டது. "யாருய்யா அது?"

"உங்கள மாதிரியே பேசுற ஒரு பொண்ணும்மா."

"வெச்சிடுங்கய்யா. இப்படிப் பேசி ஏமாத்துறவங்க நெறைய பேரு."

"ஐயா, வெக்காதீங்க, நான்தான்..." என்றாள். பயத்தில் கரகரத்து, யாருடையதோ போல வந்தது குரல்.

பெரியவர் வைத்துவிட்டார்.