மேட்ரனம்மாவின் அரை பாட்டில் மண்ணெண்ணெய்

அம்மா கழிவறைத் தரையில் குந்தி, பீங்கானுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். கையில் சிவப்பு மெழுகுப் பென்சில். முந்தின நாள் சாயங்காலம் பீங்கானில் தண்ணீர் நின்ற மட்டத்தில் கோடு போட்டுவிட்டு, விடியும்வரை நாங்கள் இருவரும் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாள். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

"ஆவியாகியிருக்கும்" என்றேன்.

"ரெண்டு விரலா? கீழ என்ன அடுப்பா எரியுது? ஒழுகுறது மேல இல்ல கிருபா, அடியில."

ரேஷன் மண்ணெண்ணெயில் அரை பாட்டில் எடுத்துவந்து உள்ளே ஊற்றினாள். நான் இரண்டு வாளித் தண்ணீர் விட்டேன். எங்கே போகிறது என்று வாசனை காட்டிக்கொடுக்கும் என்றாள். நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. பத்தொன்பதாம் நாள் அம்மா இறந்துபோனாள்.

ரத்தினபாய் என்ற பெயர் சர்ச் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு அவள் மேட்ரனம்மா. இருபத்தாறு வருடம் ஒரு பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொண்டாள். எண்பது பெண்கள், பதினோரு கழிவறைகள். பிளம்பர் வருவதற்கு ஒரு வாரம் ஆகும் என்பதால் அவளே கற்றுக்கொண்டாள். தொட்டியின் வால்வுக்குத் தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து வாஷர் வெட்டுவாள். மிதவைக் குண்டு ஓட்டையானால் மெழுகு உருக்கி அடைப்பாள். அந்தச் சிவப்புப் பென்சிலும் விடுதியின் மருந்து பாட்டில்களில் பெயர் எழுத வைத்திருந்ததுதான்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் பின்கட்டுக்குப் போவாள். சங்கிலியை இழுத்துவிட்டு விரல்விட்டு எண்ணுவாள். பல்லாவரத்தில் எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டில் முந்நூறு எண்ணியும் தண்ணீர் நிற்கவில்லையாம். பையனுக்கு நல்ல வேலை, நல்ல குடும்பம். திரும்பி வரும்போது மின்சார ரயிலில், நாலு பேர் காதில் விழும்படி, "அத்தன ஆம்பளைங்க இருக்காங்க, ஒருத்தனுக்கும் அந்தச் சத்தம் காதுல விழலயே. வேணாம்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெகுநாள் அவளைப் பற்றி எனக்கு இருந்தது இந்த மாதிரி வெட்கம்தான்.

முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் எடுப்புக் கக்கூஸ். பின்சந்து வழியாக ஒரு பெண் வாளியோடு வருவாள். அந்த நேரத்தில் அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று ஒருமுறை சொன்னாள். சொந்தமாக வீடு கட்டியபோது, கூரைக்கு ஓடு வாங்குவதற்கு முன்பே பீங்கான் வாங்கிவிட்டாள். 1966இல் எங்கள் தெருவில் முதல் ஃப்ளஷ் அதுதான். அதன்பின் தெருவுக்கே சுத்தம் போதிக்க ஆரம்பித்தாள். கை கழுவு, தண்ணீரைக் காய்ச்சு. அடுத்த வீட்டுச் செல்லம்மா கேட்டுக்கொண்டு சிரிப்பாள். அவர்கள் கிணறு எங்கள் தெரு வருவதற்கு முன்பே இருந்தது. கல்கண்டு மாதிரித் தண்ணீர், அதையா காய்ச்சுவார்கள்?

மண்ணெண்ணெய் ஊற்றிய மூன்றாம் நாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் செல்லம்மாவின் குரல் உயர்ந்தது. அவள் கணவர் தட்சிணாமூர்த்தி பல்லாவரத்துத் தோல் கிடங்குக்குத் தினமும் சைக்கிளில் போகிறவர். ஞாயிறுதோறும் செயினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்.

"கெணத்தாண்ட வண்டி தொடைக்காதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கினு கீறேன்? தண்ணி பூரா கிருஷ்ணாயில் நாறுது. வாயில வெக்க முடியல."

தெருவில் வைத்துத்தான் துடைத்தேன் என்றார் அவர்.

"பின்ன கிருஷ்ணாயில் இன்னா, தானா நடந்து வந்துச்சா?"

அம்மா முறத்தில் அரிசியோடு நின்றுவிட்டாள். செல்லம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டி, நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க மேட்ரனம்மா என்றாள். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "வாசன போற வரைக்கும் அதக் குடிக்காத செல்லம்மா. தெருக் கொழாயில புடிச்சுக்கோ."

"பாத்தியா, அவுங்களே சொல்ட்டாங்க" என்று செல்லம்மா கணவர் பக்கம் திரும்பினாள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் வீட்டு வரைபடம் நான் வரைந்தது. பாலிடெக்னிக் முடித்த வருடம். மலத்தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஐம்பது அடி இருக்க வேண்டும். எங்கள் கிணற்றிலிருந்து ஐம்பத்திரண்டு அடி அளந்து, தொட்டியைப் பின்சுவர் மூலைக்குத் தள்ளினேன். கழிவறையும் குழாயும் அதை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் என் காகிதத்தில் வெறும் வெள்ளை. செல்லம்மாவின் கிணறு அங்கே பதினாலு அடி தூரத்தில் இருந்தது. கல் பூமி, வெடிப்பு வழியாகத் தண்ணீர் எங்கேயும் போகும். இப்போது நான் வேலை பார்ப்பது அரசாங்க வடிகால் அலுவலகத்தில். ஐம்பது அடி இல்லாத வரைபடங்களைச் சிவப்பு மையில் கோடிட்டுத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு.

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்த மனுஷன் மேல பழி விழுந்துடுச்சு. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

முதலில் பழுதுபார்ப்போம், பிறகு சொல்லலாம் என்றேன். வீணாகப் பயந்துவிடுவார்கள் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "உனக்கு ஆபீஸ்ல ஏதாவது வருமா?"

நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஆபீஸ் பையில் வைத்தேன். அம்மா தலைப்பை எடுத்துவிட்டு உட்கார்ந்து மறுபடி அரிசி புடைத்தாள்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்து தரையை உடைத்தார். அலுவலகத்திலிருந்து நான் திரும்பியபோது பள்ளத்தின் ஓரத்தில் அம்மா கையளவு முகக்கண்ணாடியோடு காத்திருந்தாள். பீங்கானின் கழுத்தும், தண்ணீர் நிற்கும் மண்குழாய் வளைவும் சேரும் இடத்துக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னாள். இணைப்பின் மேல்பாதியில் வழவழவென்று சிமெண்டு. கீழ்ப்பாதியில் சணலும் இல்லை, சிமெண்டும் இல்லை. விரல் நுழையும் சந்து. எட்டு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. அந்த இணைப்பைப் பூசிய அன்று பக்கத்தில் நின்று சரிபார்த்தவள் நான். குனியவில்லை. அம்மாவுக்கு அது தெரியும். கண்ணாடியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புது இணைப்புக்கு அவளே சணலைத் திரித்து, உளியின் பின்பக்கத்தால் சுற்றிலும் இடித்து அடைத்தாள். சிமெண்டு பூச மட்டும்தான் கொத்தனாரை விட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடி சிவப்புக் கோடு போட்டாள். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அதற்குள் கிணற்றில் வாசனையும் போய்விட்டது. செல்லம்மா வீட்டில் பழையபடி அதையே குடித்தார்கள். தட்சிணாமூர்த்தி சைக்கிளைத் தெருமுனையில் வைத்துத் துடைக்கப் பழகியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்தாள். செல்லம்மா வீட்டுக் கிணற்றை ஒருமுறை முழுக்க இறைத்துவிட்டுப் போட வேண்டும். எவ்வளவு என்று எழுதிக் கொடு என்றாள். கிணற்றின் குறுக்களவு கேட்டேன். கண்ணால் அளந்து வைத்திருந்தாள். எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பொட்டலத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு போனாள்.

செல்லம்மா வீட்டுக் கேட்டின் கொக்கியை அவள் தூக்கியபோது, நான் எங்கள் வாசலிலிருந்து "அம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சத்தம் வராமல் கொக்கியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"திங்கக்கிழம போறேன்" என்றாள்.

மறுநாள் ஆராதனைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை அடக்கம். எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் செல்லம்மா காப்பி போட்டுக் கொண்டுவந்தாள், அவர்கள் கிணற்றுத் தண்ணீரில். பெட்டி தூக்க ஆள் குறைந்தது. போதகர் கேட்டதும் தட்சிணாமூர்த்தி முன்னால் வந்தார். வந்தவர் நின்று, எங்கள் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். விரல்களை மூக்கருகே வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"பாப்பா, கிருஷ்ணாயில் வாசன எதுனா வருதா பாரு. மேட்ரனம்மாக்கு ஆகாது."

குனிந்து முகர்ந்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.

"இல்லண்ணா" என்றேன்.

அவர் நம்பவில்லை. மறுபடி போய்க் கழுவிவிட்டு வந்துதான் பெட்டியைத் தொட்டார்.