சாமைப் போரில் பூனைக் குடும்பம்

ஜவ்வாது மலையில் பாஞ்சாலையின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. பஸ் தாமதமாக வந்தால் டிரைவர் முதலில் பார்ப்பது அவள் நிறுத்தத்தில் நிற்கிறாளா என்றுதான். அப்பேர்ப்பட்டவள் அன்று காலை தன் சாமைப் போரின் முன்னால் குரல் எழும்பாமல் நின்றாள்.

அறுத்த சாமைக் கட்டுகளைப் பாறைமேல் போராக அடுக்கியிருந்தாள். கதிரடிக்கும் மிஷின் மதியம் வருவதாக இருந்தது. மேல்கட்டுகளை இறக்கினால், அடியில் கண் திறக்காத இரண்டு குட்டிகள். உடம்பெல்லாம் புள்ளி.

"சிறுத்தைக் குட்டிம்மா! தொடாத, தாய் வந்துடும்!" என்று மகன் மணிவேல் பாறையிலிருந்து எகிறிக் குதித்தான். முறுக்கு மீசை வைத்த இருபத்தாறு வயது ஆள். குதித்த வேகத்தில் ஒரு செருப்பு மேலேயே தங்கிவிட்டது.

போன் போனதும் வனக் காவலர் சிவசங்கரி வண்டியில் வந்து சேர்ந்தாள். குட்டிகளைத் தொடாமல், குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சிறுத்தைக் குட்டி பொறக்கும்போதே அரை கிலோ இருக்கும்க்கா. இது கோழிமுட்டையவிடக் கொஞ்சம்தான் கனம். துரும்பன் பூனை, காட்டுப் பூனைங்கள்லயே சின்ன சாதி. தாயே ஒரு நாட்டுக்கோழி அளவுதான் இருக்கும்."

"புள்ளி இருக்குதே மேடம்?" என்றான் மணிவேல்.

"இருக்கட்டும். இப்ப ஒலகத்துல இருக்கிற எல்லாப் பூனைக்கும் ஒரே பாட்டன். புலி, சிங்கம், சிறுத்தைக் கூட்டம் ஒரு கோடி வருசத்துக்கு முன்னாடியே தனியாப் பிரிஞ்சு போயிடுச்சு. அப்பறம் மிச்சக் கூட்டமும் ஒவ்வொண்ணாப் பிரிஞ்சு, மொத்தம் எட்டுக் கிளை. கடைசியாப் பிரிஞ்ச ரெண்டு கிளையில ஒண்ணு இந்தத் துரும்பன் கூட்டம், இன்னொண்ணு நம்ம வூட்டுப் பூனைக் கூட்டம்."

பங்காளிக் கணக்கு பாஞ்சாலைக்குத் தண்ணீர்பட்ட பாடு. போன குரல் திரும்பி வந்துவிட்டது. "அப்போ சிறுத்தை மொதல்ல பாகம் பிரிஞ்சுபோன பங்காளி. அது செத்தா இதுங்களுக்குத் தீட்டுகூட ஒட்டாதுன்னு சொல்லுங்க!"

சிறுத்தை என்றதும் நடுங்கிய மணிவேல், பூனை என்றதும் வீரனாகிவிட்டான். "பூனைதானே? கூடையில போட்டு அந்தாண்ட வெச்சிட்டுக் கதிர அடிச்சிடலாம். வானத்தப் பாரும்மா. இன்னிக்கு விட்டா மிஷின் செங்கத்துக்கு எறங்கிடும். நனைஞ்சா வருசத்துச் சோறு போச்சு."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. தெற்கே வானம் கறுத்துத்தான் கிடந்தது.

"எடம் மாத்தினா தாய் சேத்துக்காமலே போயிடலாம். அப்படியே விட்டா நாலு நாள்ல அதுவே தூக்கிட்டுப் போயிடும்" என்றாள் சிவசங்கரி. "உங்க சாமைக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாதுக்கா."

பாஞ்சாலை குனிந்து குட்டிகளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, "கட்டைத் திரும்ப மேல வைடா" என்றாள்.

"இன்னாம்மா பேசுற?"

"நீ எங்க பொறந்தே, தெரியுமா?"

"வேலூர் ஆஸ்பத்திரில."

"ஆஸ்பத்திரி வரைக்கும் நான் எங்க போய்ச் சேந்தேன்?"

இத்தனை வருஷம் சொல்லாததை அன்று சொன்னாள். டோலி கட்டி அவளை மலையிறக்கினார்கள். அமிர்திப் பக்கம் வரும்போது பேய்மழை; வலி முற்றிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டு நீலாவதிக்கு இருந்ததே ஒரே அறை. அது நிறைய விதைக்கு வைத்திருந்த வேர்க்கடலை மூட்டைகள். அவள் மூட்டைகளை வெளியே உருட்டிவிட்டுப் பாய் விரித்தாள். மழை விடுவதற்குள் மணிவேல் பிறந்தான், விதையெல்லாம் ஊறிப்போனது.

"அந்த வூட்டுல யாரும் மொகம் சுளிக்கலடா. திரும்பப் போய்ப் பாக்கத்தான் எனக்கு மொகம் இல்ல."

 மணிவேல் மிஷின்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றான். தாய்ப்பூனை வந்துபோக ஒரு பக்கம் திறந்துவிட்டு, போரைத் தார்ப்பாயால் மூடினான்.

மணிவேல் சொன்னபடியே மழை வந்து வெளுத்து வாங்கியது. ஓய்ந்த ஒரு சாயங்காலம், தூரத்துப் புளியமரத்தடியிலிருந்து தாயும் மகனும் பார்த்தார்கள். கைக்கடக்கமான ஒரு பூனை, குட்டி ஒன்றைப் பிடரியில் கவ்விக்கொண்டு புதருக்குள் போனது. திரும்பி வந்து அடுத்ததையும் கொண்டுபோனது. பாஞ்சாலை கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

திறந்துவிட்ட பக்கத்துச் சாமை முளைவிட்டிருந்தது. கால்வாசி போயிற்று, மிச்சம் தேறியது.

தேறியதில் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு இருவரும் அமிர்திக்கு வண்டியில் இறங்கினார்கள். விசாரித்துப் போனபோது நீலாவதி வாசலில் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பாஞ்சாலை தான் யாரென்று சொல்லிச் சாமைப் பையை அவள் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கு என்னால உங்க வெத மல்லாட்டை மூட்டைங்க எல்லாம்..."

"மூட்டை கெடக்குது, வுடும்மா" என்று நீலாவதி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள நல்லா இருக்கானா?"

வண்டியருகே நின்றிருந்த மணிவேல் வந்து அவள் காலில் விழுந்தான்.

"நல்லா இருக்கேம்மா" என்றான்.