படகு தள்ளும் நேரத்து வலி

என் கணவர் பழவேற்காட்டில் மீன்பிடிப்பவர். கரை திரும்பியதும் எல்லோரும் சேர்ந்து ஃபைபர் படகை மணலில் தள்ளி ஏற்றுவார்கள். சில மாதங்களாக அப்போதெல்லாம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"இன்னாயா, படகு தள்ற நேரம் பார்த்துத்தான் உனுக்கு வலி வருமா?" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன்.

"கொஞ்சம் குந்தினா சரியாப்பூடும்மே," என்பார். சரியாகியும் விடும். வலை இழுத்த பிடிப்பு என்று நம்பித் தைலம் தேய்த்தேன்.

ஒருநாள் உட்கார்ந்தும் வலி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"இதயத்துக்கு ரத்தம் போற குழாய் சுருங்கியிருக்கும்மா. சும்மா இருந்தா அந்த ரத்தம் போதும், பாரம் தள்ளினா போதாது," என்றார் டாக்டர்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி கடலுக்குப் போக முடியாது.

இப்போது கரையில் யார் நெஞ்சைப் பிடித்தாலும், வலி நின்ற பிறகும் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். அன்று அவரிடம் கேலியாகக் கேட்டதை டாக்டரிடம் கேட்டிருக்கலாம்.