துரை காப்பியின் சக்கை

இன்று காலை சக்கையைத் தட்டியபோது அது உடையாமல் முழு வில்லையாகக் கையில் விழுந்தது. கறுப்பாக, வட்டமாக, இன்னும் சூடாக; பருப்பு வடையை எண்ணெயிலேயே மறந்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. குப்பைக்கூடையை மிதித்துத் திறந்தவன் ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டேன். ரிட்டயர் ஆனதும் தவம் செய்யப் போய்விட்டேனா என்று கேட்டுக்கொண்டே என் மனைவி கடந்து போனாள்.

நண்பரே, என் சமையலறையில் ஒரு காப்பி இயந்திரம் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் ஓடுகிற ரகமில்லை. பித்தளைக் கொதிகலன், அதன் முன்னால் நீளமாக ஒரு கைப்பிடி. கைப்பிடியைக் கீழே இழுத்து விட்டால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வெந்நீரைக் காப்பித்தூளுக்குள் அழுத்தும். கைப்பிடி மெதுவாக மேலே ஏற ஏற, கீழே எஸ்பிரெசோ என்கிற கெட்டிக் காப்பி சொட்டும். நீலாய் பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இதைத் தண்ணீர் பம்பு என்றுதான் முதலில் நினைக்கிறார்கள்.

இது என் அக்காவுடையது.

அக்கா புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள். வீட்டில் மற்றவர்கள் பால்மரம் வெட்டப் போய் ஒட்டுப்பால் நாற்றத்தோடு திரும்புவார்கள். அவள் மட்டும் காப்பி வாசனையோடு வருவாள். துரைக்கு இரண்டு கோப்பை, துரையம்மாவுக்கு ஒன்று என்று பன்னிரண்டு வருஷம் அந்தக் கைப்பிடியை இழுத்ததில் வலது கை மட்டும் தடித்துவிட்டது என்பாள். உண்மைதான். அந்தக் கையால் தலையில் குட்டு வாங்கியவன் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் காப்பியை அவள் ஒருநாளும் குடித்ததில்லை. பங்களாக் கோப்பையில் வேலைக்காரர்கள் வாய் வைக்கக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். அவளுக்கென்று ஒரு தகரக் குவளை பின்பக்கத்து ஆணியில் தொங்கும். அதில் பால் ஊற்றாத கோப்பி ஓ. இயந்திரத்திலிருந்து விழும் சக்கையைத்தான் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். அம்மா அதைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, டின் பால் ஊற்றித் தருவார். அதற்குத் துரை காப்பி என்று பெயர். துரை குடிக்கிற காப்பியைத்தான் எங்கள் வீட்டிலும் குடிக்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சமில்லை. துரை குடித்து முடித்த காப்பி என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

துரை தன் நாட்டுக்குத் திரும்பியபோது இயந்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் இருந்த தொழிலாளர் லயத்தில் அப்போது மின்சாரம் பொழுது சாய்ந்துதான் வரும், அதுவும் விளக்கெரிகிற அளவுக்கு. இயந்திரம் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிறகு தோட்டம் கைமாறி, லயம் காலியாகி, அவள் டவுனுக்குப் பக்கத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீட்டுக்குப் போனாள். அங்கே நாளெல்லாம் மின்சாரம் இருந்தது, இயந்திரம் ஓடவில்லை. உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் காய்ந்து கல்லாகியிருந்தன. என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டேய், ஊரு மிஷினெல்லாம் பழுது பாக்குறியே, இத ஓட வச்சுக் குடு. சக்கையத்தான் குடிச்சிருக்கோம். மொத தண்ணிய ஒரு தடவ குடிச்சுப் பாக்கணும்லா."

நான் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். அடுத்த வாரம் செய்துவிடுகிறேன் என்றேன். அந்த அடுத்த வாரம் வர பதினோரு வருஷம் ஆயிற்று. மரியாதையில் குறை வைத்தேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் காருக்குப் பக்கத்தில் அதையும் உட்கார வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டினேன். ஒரு திருகாணியைத்தான் கழற்றவில்லை. பொரிகடலையைக் கையில் வாங்கிக்கொண்டு அக்கா அதையே பார்ப்பாள்.

"பொட்டு வச்சா காப்பி வந்துருமாடா?"

ஓய்வு பெற்ற பிறகு ஒருவழியாகக் கழற்றினேன். முதல் வேலை, பதினோரு வருஷச் சந்தனத்தைச் சுரண்டுவது. கைப்பிடியின் அச்சுக்குள் இறங்கி சிமெண்டாக இறுகியிருந்தது. பித்தளைக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற புளி, கொதிகலனுக்குள் படிந்த சுண்ணாம்புக்கு எலுமிச்சைச் சாறு. ரப்பர் வளையம்தான் எந்தக் கடையிலும் இல்லை. மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பம், விரல் நுழைகிற ஒரு ரப்பர் வளையத்துக்காக இத்தாலியிலிருந்து வரும் பார்சலை எதிர்பார்த்துக் கிடந்தது. போனில் சொன்னபோது, நம் மரத்துப் பாலாகத்தான் இருக்கும், வீடு திரும்புகிறது என்றாள் அக்கா.

அவள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அவளுக்குப் பிடித்ததாக இருக்கட்டுமே என்று கோலா பிலா டவுன் வரை போய், பழைய சீனக் கடையில் கோப்பித்தூள் வாங்கி, இன்னும் நைசாக அரைத்து வைத்திருந்தேன். சீனியும் மார்ஜரினும் போட்டு வறுக்கிற தூள் அது. வெந்நீர் பட்டு அழுத்தினால் பாகாக இறுகிவிடும் என்று முப்பது வருஷ அனுபவஸ்தனுக்குத் தோன்றவில்லை.

கைப்பிடியை அக்காதான் இழுத்தாள். இறங்கியது. ஏறவில்லை. கோப்பையில் ஒரு சொட்டும் விழவில்லை.

"தொடாத. உள்ள அழுத்தம் நிக்குது, கொஞ்சம் ஆறட்டும்," என்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்று சொல்லி, தூளைப் போட்டு இயந்திரத்தின் அடியில் மாட்டியிருந்த கரண்டியைத் திருகிக் கழற்றினேன்.

கைப்பிடி பாய்ந்து வந்து என் தாடையில் அறைந்தது. சூடான கறுப்புச் சேறு சட்டை, சுவர், நாள்காட்டியில் இருந்த முருகன் என்று ஒருவரையும் விடவில்லை. அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தாள். சக்கையைக் குடித்து வளர்ந்த பயலுக்குச் சக்கையாலேயே அபிஷேகம் என்றாள். வளையம் கிழிந்திருந்தது. பரவாயில்லை, அடுத்த மாதம் வருகிறேன் என்று, வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

புது வளையம் வந்து சேர்ந்த நாள், அவள் இறந்து பன்னிரண்டாம் நாள்.

பதினாறாம் நாள் இயந்திரத்தைக் கார் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டி, அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் மகள் படையலுக்குக் கருவாட்டுக் குழம்பும் வெற்றிலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் சீனி கலக்காத தூளைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தேன். நிதானமாக ஏறியது. தேன் நிறத்தில் சொட்டியது. அந்த வீட்டிலிருந்த நல்ல பீங்கான் கோப்பையில் பிடித்து, அடியில் தட்டும் வைத்து, இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சூடம் அணைந்த பிறகு வடையை எடுத்தார்கள், பழத்தை எடுத்தார்கள். கோப்பையை யாரும் தொடவில்லை. அது அங்கேயே ஆறியது.

நான் சமையலறைக்குப் போய்ச் சக்கையைக் கொதிக்க வைத்து, டின் பால் ஊற்றிக் குடித்தேன். காப்பி மணமும் இல்லை, காப்பி ருசியும் இல்லை, வெறும் பால் கலந்த தண்ணீர். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். துரை காப்பி என்று நாங்கள் மோந்து மோந்து குடித்த வாசனை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் சேலையிலிருந்து வந்திருக்கிறது.

லயம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. பங்களா மேட்டைச் சமப்படுத்தி வீடு கட்டிவிட்டார்கள். இயந்திரம் தினமும் ஓடுகிறது. இன்று காலை குப்பைக்கூடையை மூடிவிட்டு, பொட்டலம் கட்ட ஒரு பழைய செய்தித்தாள் கிடைக்குமா என்று வீடு முழுக்கத் தேடினேன். நாங்கள் பேப்பர் வாங்குவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது. தேடி முடிப்பதற்குள் சக்கை கையிலேயே ஆறிவிட்டது.