குத்தகையாளரைக் குளிக்கச் சொன்ன கொரெட்டி ஆயா

மலேசியாவில் லிங்கிப் பக்கம், செம்பனைக் காடு முடிகிற இடத்தில் இருக்கிற வரிசை வீடுகளுக்குப் போய் மரியகொரெட்டி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கொரெட்டி ஆயா வீடு என்று கேளுங்கள், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விடுவார்கள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வருஷக்கணக்கில் பிள்ளை பார்த்தவள். இருட்டோடு ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை இவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் வந்து பார்த்தால் பிள்ளை குளித்து, பவுடர் பூசி, வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருக்கும். இன்றைக்குச் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு திரிகிற எத்தனையோ துரைமார்களின் முதுகைத் தேய்த்த கை அது.

அவள் வீட்டுக்காரர் மைக்கல்ராஜ் அதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோராக இருந்தவர். சர்க்கரை வியாதி முற்றி, அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவதும் கொரெட்டி வேலையாகிப் போனது. அவளுக்கு அது ஒரு பாரமா? பிள்ளை குளிப்பாட்டியே பழகினவளுக்கு என்ன பாரம்! பாரமெல்லாம் அவருக்குத்தான். அவள் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். துவட்டி முடித்ததும், தலையைக் குனிந்துகொண்டு, "உனக்குத்தான் சிரமம்" என்பார். தினமும் இதே பேச்சு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு மன்னிப்பு கேட்டறியாத மனுஷன் இப்படிக் கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சை அறுக்கும்.

ஒருநாள் அவரே சொன்னார். "கொரெட்டி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். யாரு கையும் படாம நானே குளிக்கணும். சாவுறதுக்குள்ள அது போதும்."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பாசி பிடித்த பழைய குளியலறையை இடிக்க வேண்டும். சக்கர நாற்காலி தடுக்காமல் உள்ளே போக வேண்டும். அவர் பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி வேண்டும். சிரம்பான் ரஹாங்கில் குடியிருக்கிற மகன் ஸ்டீவன், தானே ஆள் பார்ப்பதாகச் சொன்னான். இவள் விடுவாளா?

"எதுக்குடா வெளியாளு? நம்ம தர்மா இருக்கான்லா!"

தர்மா என்றால் தர்மேந்திரன், அதே தோட்டத்து வீரமுத்துவின் மகன். கொட்டகையில் இவள் மடியில் கிடந்தவன். இப்போது வீடு புதுப்பிக்கும் வேலையை எடுத்துச் செய்கிற குத்தகையாளர், சொந்த லோரி, கதவில் கொட்டை எழுத்தில் தன் பெயர். "ஆயாம்மாவுக்குச் செய்யாம யாருக்குலா செய்யப் போறேன்? நீங்க கண்ண மூடிக்கிட்டு இருங்க" என்றான். அவளும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள், அதுதான் வினை.

ஊரின் சிறு கோயிலுக்கு ஃபாதர் மாதம் ஒருமுறைதான் வருவார். அவர் வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்கக் கேட்டாகிவிட்டது. அதற்குள் வேலை முடியணும் என்று இவள் அவசரப்படுத்த, அவன் தன் ஆட்களை விரட்ட, சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. வெள்ளை டைல்ஸ், பளபளவென்று இரண்டு கம்பி. கொரெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு காலை வந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்து, "ஹோட்டல் மாதிரி இருக்குலா ஆயா" என்றார்கள். பார்க்கத்தான் விட்டாள். ஃபாதர் வருவதற்குள் ஈரமாகிவிடும் என்று அத்தனை பேரையும் பக்கத்து வீட்டுக்குக் கை கழுவ அனுப்பினாள். பாருங்களேன் கூத்தை! ஃபாதர் தெளித்த தீர்த்தம் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் அந்தத் தரையில் விழவில்லை. நல்லது செய்தவனுக்கு நாலு பேர் முன்னால் சால்வை போர்த்துவது தோட்டத்து வழக்கம். கொரெட்டியும் தன் கையாலேயே தர்மாவுக்குப் போர்த்தி, "நான் வளத்த புள்ள" என்று சபையில் சொன்னாள்.

மறுநாள் காலை மைக்கல்ராஜ் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதல் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். தண்ணீர், அது வெளியேற வேண்டிய ஓட்டைப் பக்கம் போகவே இல்லை. தரை வாட்டத்தை, தண்ணீர் ஓட வேண்டிய சரிவை, தலைகீழாகப் போட்டிருந்தார்கள். அவர் காலடியில் குளமாக நின்று, கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு நடந்து வந்தது. பயந்துபோய் எழுந்திருக்கலாம் என்று கம்பியைப் பிடித்தார். கம்பி சுவரை விட்டுக் கையோடு வந்தது. விழுந்தார்.

முழங்கை சிராய்ப்போடு போனது, கர்த்தர் புண்ணியம். ஆனால் அவளுக்கு வலித்தது அது இல்லை. தூக்கி உட்கார வைத்தபோது அவர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. "பழையபடி நீயே ஊத்திடு, கொரெட்டி. எனக்கு எழுதினது அவ்வளவுதான்" என்றார்.

தர்மாவைக் கூப்பிட்டாள். "புது டைல்ஸ்னா அப்படித்தான் ஆயாம்மா. போகப் போகச் சரியாயிரும்" என்றான் போனில்.

"தண்ணி என்னடா, போகப் போகப் புத்தி வந்து ஓட்டையத் தேடிக்குமா? கம்பி கையோட வந்துருச்சே, அதுக்கு என்ன சொல்ற?"

"அங்கிள் பலமா இழுத்திருப்பாரு."

"விழப் போறவன் மெதுவாவாடா புடிப்பான்?"

வருகிறேன் என்றான், வரவில்லை. பிறகு போனையும் எடுக்கவில்லை. ஸ்டீவனுக்கு வந்ததே கோபம். "ஃபேஸ்புக்ல படம் போட்டு நாறடிக்கிறேம்மா" என்று குதித்தான்.

"வேணாண்டா. ஊரக் கூட்டிச் சால்வை போத்துனவ நானு. இப்ப அதே வாயால திருட்டுப்பயன்னு சொல்லவா?" என்று அவனை அடக்கிவிட்டாள். அடக்கினாளே தவிர, அவளுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. தன் அவசரத்தால்தான் மனுஷன் விழுந்தார் என்ற நினைப்பு குடைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் தர்மாவுக்குக் குரல் செய்தி ஒன்று அனுப்பினாள், சண்டை வாசனையே இல்லாமல். "தர்மா, சனிக்கிழம நாட்டுக்கோழி கொழம்பு. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ சாமி."

ஆயா சோற்றுக்குக் கூப்பிட்டு வராத பிள்ளை அந்தத் தோட்டத்தில் பிறக்கவில்லை. உச்சி வெயிலில், சட்டை முதுகோடு ஒட்ட வந்து சேர்ந்தான். கொரெட்டி கட்டிக்கொள்ள ஒரு சாரத்தையும் துண்டையும் அவன் கையில் வைத்தாள்.

"வேர்வையோட சோத்துல உக்காராத. குளிச்சிட்டு வா. அந்த நாற்காலியில உக்காந்து குளி. எடது காலு தரையில படக் கூடாது."

தர்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஆயாம்மா, என்ன வெளாட்டு இது?"

"வெளாட்டு இல்லடா. உள்ள போ."

சின்ன வயசில் அந்தக் குரலுக்கு எப்படிப் போனானோ அப்படியே போனான். கூடத்தில் மைக்கல்ராஜ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தடாலென்று ஒரு சத்தம், "ஐயோ அம்மா!" என்று ஒரு அலறல். கதவிடுக்கில் தண்ணீர் புறப்பட்டு வந்தது. பின்னாலேயே தர்மா வந்தான், சொட்டச் சொட்ட, சுவரில் மிச்சமிருந்த இன்னொரு கம்பியையும் கையில் பிடித்தபடி.

எத்தனையோ திட்டு சேர்த்து வைத்திருந்தாள் கொரெட்டி. அவனை அந்தக் கோலத்தில் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டுத் தன் இரண்டு கையையும் நீட்டினாள்.

"தர்மா, அத்தன புள்ளைங்களுக்கு இந்தக் கையால தண்ணி ஊத்தினேன். ஒடம்பெல்லாம் சவுக்காரம், வழுக்கிக்கிட்டு ஓடுவீங்க. ஒருத்தனையாச்சும் கீழ விட்டேனாடா?"

அவன் தலையிலிருந்து வடிந்த தண்ணீரோடு கண்ணும் சேர்ந்து வடிந்தது. கெட்டவன் இல்லை அவன். எல்லாருக்கும் சரி சொல்லிவிட்டு, ஒரு இடத்திலும் முழுசாக நிற்காத ரகம். "நான் வந்து பாக்கவே இல்ல ஆயாம்மா" என்றான் மெதுவாக. "ஆளுங்க போட்டோ அனுப்பினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தான். கோபத்தைச் சோற்றில் காட்டுகிற பழக்கம் கொரெட்டிக்கு இல்லை. உட்கார வைத்துப் பரிமாறினாள். அழுதுகொண்டே இரண்டு தரம் குழம்பு வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் ஆட்களோடு அவனும் வந்தான். தரையை உடைத்தார்கள். வாட்டம் வைத்தபோது அவனே முட்டி போட்டுப் பார்த்தான். டைல்ஸ் ஒட்டுமுன் வாளி வாளியாக ஊற்றி, தண்ணீர் ஓட்டையைத் தேடி ஓடுவதைக் கண்ணால் பார்த்தான். சுவரைச் செங்கல் வரைக்கும் துளைத்துக் கம்பிகளை முடுக்கிவிட்டு, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஒன்றில் தொங்கிக் காட்டினான். "இன்னும் கொஞ்ச நேரம் தொங்கு" என்றார் மைக்கல்ராஜ், வாசலில் சக்கர நாற்காலியைப் போட்டுக்கொண்டு.

சிமெண்டு காய்ந்த பிறகு, ஒரு காலையில் அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். கொரெட்டி துண்டோடு வெளியே நின்றாள். நிற்கவும் முடியவில்லை, போகவும் மனசில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க! என்னங்க!" என்று கதவைத் தட்டினாள்.

"ஏய்!" உள்ளேயிருந்து வந்த குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "மனுசன நிம்மதியாச் சவுக்காரம் போட விடமாட்டியா? போடி அந்தப் பக்கம்!"

வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், கால் போன பிறகு அவளைத் திட்டியது அதுதான் முதல் தடவை. கொரெட்டி துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "போறேன், போறேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு வார்த்தை திட்ட மாட்டாரா என்று அங்கேயே நின்றாள்.